மாயாபந்தர்: மாவட்டத் தலைநகரும் நம்முடைய காகிதங்களும்

(சங்கத்தின் வடக்கு, நடு அந்தமான் உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மாயாபந்தரைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். ஜெட்டியில் இறங்கினால் ஒரு கடைவீதி, மேட்டில் ஆபீஸ்கள், ஒரு ஆஸ்பத்திரி, ஒரு கல்லூரி, சுற்றிலும் கடல். கால் மணி நேரத்தில் ஊரை நடந்து முடித்துவிடலாம். இதைப் பற்றி ஒரு பேச்சா என்று சிலர் சிரிக்கக்கூடும். ஆனால் இந்த மேட்டிலிருக்கிற ஆபீஸ் ஜன்னல்களில்தான் நம் பிள்ளைகளின் படிப்பும் வேலையும், நாம் குடியிருக்கிற மண்ணும் அடங்கிக் கிடக்கின்றன. ஆகவே பேசத்தான் வேண்டும்.

2006 ஆகஸ்ட் 18ஆம் நாள் வடக்கு, நடு அந்தமான் என்று ஒரு தனி மாவட்டம் பிறந்தது. மாயாபந்தர் அதன் தலைநகர் ஆயிற்று. அதற்கு முன்னால், 1974இல் நிக்கோபார் பிரிந்ததிலிருந்து, அந்தமான் முழுவதும் ஒரே மாவட்டம். கலெக்டர் என்று மெயின்லேண்டில் சொல்கிறார்களே, அந்த டி.சி. போர்ட் பிளேரில் இருந்தார். (அந்த ஊருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். நம் வாயில் பழைய பெயர்தான் வருகிறது, மன்னிக்க வேண்டும்.) இங்கிருந்து அங்கே சாலை வழியாக ஏறத்தாழ 240 கிலோமீட்டர். திக்லிபூர்க்காரருக்கு 300க்கும் மேல். டி.சி.யைப் பார்த்து ஒரு மனுக் கொடுக்க வேண்டுமென்றால் மூன்று நாள் கூலி போச்சு. அந்தக் காலத்தை நினைத்துப் பார்த்தால், மாவட்டம் பிரிந்தது நல்ல காரியம்தான். அதை மறுக்கிற ஆள் நானல்ல.

2011 கணக்கெடுப்பில் இந்தத் தீவுகள் முழுவதிலும் 3,80,581 பேர். அதில் நம் மாவட்டத்தில் 1,05,597 பேர். திக்லிபூர், மாயாபந்தர், ரங்கத் என்று மூன்று தாசில். தமிழைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் தீவுகள் முழுக்கச் சேர்த்து 57 ஆயிரத்துச் சொச்சம், அதாவது நூற்றுக்குப் பதினைந்து பேர். வங்காளிகளும் இந்திக்காரர்களும்தான் நம்மைவிட அதிகம். இத்தனை பேர் இருக்கிறோம். இருந்தும் ஆபீஸ் ஜன்னலில் போய் நின்றால், நீ யார், எப்போது வந்தாய், எந்த வகையில் சேர்ந்தவன் என்றுதான் முதல் கேள்வி. இந்தக் கேள்விக்கு நம்மில் பலரிடம் பதில் இருக்கிறது, காகிதம் இல்லை. நான் சொல்ல வந்தது இந்தக் காகிதத்தைப் பற்றித்தான்.

கொஞ்சம் தூரம் போய்விட்டு வருகிறேன். அமெரிக்க நாட்டில் கவுண்டி என்று ஒன்று உண்டு. நம்முடைய மாவட்டம் மாதிரி, ஆனால் பெரும்பாலும் சின்னது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலையூர். அந்தத் தலையூர் பல இடங்களில் நம் மாயாபந்தரைப் போலச் சின்னஞ்சிறு ஊர்தான். நடுவில் ஒரு சதுக்கம், சதுக்கத்தில் கோர்ட் கட்டடம், அதில்தான் நிலப் பத்திரம், கல்யாணப் பதிவு, வரிக் கணக்கு எல்லாம். இந்தக் கட்டடம் எந்த ஊரில் அமைவது என்பதற்காக அங்கே ஒரு காலத்தில் துப்பாக்கிச் சண்டையே நடந்திருக்கிறது. கான்சாஸ் மாநிலத்தில் ஸ்டீவன்ஸ் கவுண்டி என்ற இடத்தில் ஹ்யூகோடன், வுட்ஸ்டேல் என்ற இரண்டு ஊர்க்காரர்கள் மோதிக்கொண்டு, 1888இல் நான்கு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆபீஸ் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊரில் மனை விலை ஏறும், கடை பெருகும், ரயில் வரும். சண்டைக்குக் காரணம் அவ்வளவுதான். ரங்கத்காரர்களும் திக்லிபூர்க்காரர்களும் இதைக் கேட்டு முறைக்க வேண்டாம். நமக்குள் அந்தச் சண்டை வாய்ச் சண்டையோடு நிற்பது நல்லது!

நான் கவனிக்கச் சொல்வது வேறு. அந்த நாட்டில் பெரும்பாலான கவுண்டிகளில் போலீஸ் தலைவரான ஷெரீஃபையும், கணக்கு எழுதுகிற கிளார்க்கையும், பணத்தைக் காக்கிற பொருளாளரையும் ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். உடனே அமெரிக்காவைப் புகழ்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தச் சதுக்கங்கள் எல்லாம் செவ்விந்தியர் என்று அவர்கள் பெயர் சூட்டிய பூர்வ குடிகளை விரட்டிவிட்டுக் கட்டியவை. தென்மாநிலங்களில் அதே கோர்ட் கட்டடத்தின் ஜன்னலில் வாக்காளராகப் பெயர் பதியப் போன கறுப்பின மக்களை, படிக்கத் தெரியுமா, அரசியல் சட்டத்தின் இந்தப் பகுதிக்குப் பொருள் சொல் என்றெல்லாம் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்த பிறகுதான் அந்த ஜன்னல் திறந்தது. சட்டம் சும்மா வந்ததா? தலைமுறை தலைமுறையாக அடி வாங்கி, சிறை போய், வரிசையில் நின்று வாங்கினார்கள்.

நம் தலைநகருக்கு வருவோம்.

மாயாபந்தர் ஒரே ஜாதி மனிதர்களின் ஊர் அல்ல. பக்கத்தில் வெபி கிராமத்தில் கரேன் மக்கள் இருக்கிறார்கள். 1925இல் பர்மாவிலிருந்து அழைத்து வந்து குடியமர்த்தப்பட்டவர்கள். நெல்லும் தெரியும், கடலும் தெரியும், காடும் தெரியும். அவர்களுக்கு முன்பே, 1918 முதல், சோட்டா நாக்பூரிலிருந்து ஓராவ், முண்டா, கரியா மக்களைக் காடு வெட்டக் கொண்டுவந்தார்கள். அவர்கள் இத்தனை இனமாக இருந்தும் ராஞ்சி என்று ஒரே பெயர்தான் இங்கே. பிறகு தேசப் பிரிவினை. கிழக்கு வங்காளத்து அகதிகளை 1949 முதல் தீவுகளுக்குக் கொண்டுவந்தார்கள். ஐம்பதுகளில் நடு அந்தமானிலும் வடக்கு அந்தமானிலும் காட்டை அழித்து நிலம் அளந்து கொடுத்தார்கள். கேரளத்துக் குடும்பங்கள், ஆந்திரக் கரையிலிருந்து மீனவர்கள் என்று ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள்.

நாம் எப்படி வந்தோம்? நம்மிலும் சிலருக்கு அரசாங்கமே நிலம் கொடுத்துக் குடியேற்றியது. தெற்கே கச்சால் தீவில், இலங்கையிலிருந்து 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்களை ரப்பர் தோட்டத்தில் அமர்த்தினார்கள். 2004 சுனாமியில் அந்தத் தீவு பட்ட பாட்டை நான் சொல்லவேண்டியதில்லை. ஆனால் இந்த மண்டபத்தில் இருக்கிறவர்களில் பெரும்பாலோர் வந்த வழி வேறு. ராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் மழை பொய்த்தது. மேஸ்திரி வந்தார். முன்பணம் கொடுத்தார். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி மூன்று நாள் வாந்தியெடுத்துக்கொண்டு வந்து இறங்கினோம். சாலை போட, கல் உடைக்க, மரம் இழுக்க, ஜெட்டி கட்ட. மேஸ்திரி நமக்குக் கூலி கொடுத்தார், பட்டா கொடுக்கவில்லை. வேலை முடிந்த இடத்தில் ஒரு கொட்டகை, கொட்டகையைச் சுற்றி நாலு வாழை, பிறகு தென்னை, பிறகு பாக்கு. தென்னை காய்க்கும்போது பிள்ளைக்குக் கல்யாண வயது. இப்படித்தான் நாம் இந்த ஊர்க்காரர் ஆனோம்.

அந்தமான் பெருவழிச் சாலையை எழுபதுகளிலும் எண்பதுகளிலும் போட்டபோது அதில் நம் ஆட்களின் ரத்தம் சிந்தியது. ஜாரவா மக்களின் அம்பு பட்டுச் செத்தவர்களைத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் ஒன்று சொல்வேன், கோபிக்காமல் கேளுங்கள். அந்தச் சாலை அவர்கள் வீட்டின் நடுவே போடப்பட்ட சாலை. அவர்களைக் கேட்காமல் போட்டது. போடச் சொன்னவன் அம்புக்கு எட்டாத இடத்தில் இருந்தான். மண்வெட்டி பிடித்தவன் முன்னால் நின்றான். இரண்டு ஏழைகளை மோதவிட்டு நடந்த வேலை அது. இப்போது கன்வாயில் போகிற டூரிஸ்ட் வண்டிகள் அவர்களை மிருகக்காட்சி மாதிரி எட்டிப் பார்க்கின்றன. நம் பையன்கள் டிரைவராக இருக்கிறீர்கள், அந்தப் பிழைப்புக்குத் துணை போகாதீர்கள்.

மாயாபந்தர் மரத்தால் வாழ்ந்த ஊர். படாக், கர்ஜன் மரங்களை யானை இழுத்து வந்து கரையில் போடும். வடக்கு அந்தமான் காட்டை 1951 முதல் பி.சி. ராய் கம்பெனி குத்தகைக்கு எடுத்தது. கம்பெனி நொடித்தது. 1962இல் யானைகளை இன்டர்வியூ தீவில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். யானைகள் காட்டு யானைகளாகி அங்கேயே குட்டி போட்டன. யானைக்கு ஒரு தீவு கிடைத்தது, தொழிலாளிக்கு அதுவும் கிடைக்கவில்லை என்று பழைய ஆட்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். 1977இல் அரசாங்கமே வனக் கழகம் அமைத்து வெட்டியது. பிறகு 2002 மே 7ஆம் நாள் உச்சநீதிமன்றத் தீர்ப்பு. சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையை வைத்து, இந்தக் காடுகளை வெட்டி வெளியே அனுப்புகிற தொழிலுக்கு நீதிமன்றம் முற்றுப்புள்ளி வைத்தது. காடு பிழைத்தது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். மழையும் குடிநீரும் காடு இருந்தால்தான். ஆனால் கோடரி பிடித்தவன் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று யாரும் கேட்கவில்லை. வனக் கழகத்தையே 2017இல் மூடிவிட மத்திய அமைச்சரவை முடிவு செய்தது.

அதே தீர்ப்பில் நமக்கு நேரே வருகிற இன்னொரு பகுதி உண்டு. காட்டு நிலத்தில் குடியேறியவர்களை 1978க்கு முன், 1978க்குப் பின் என்று பிரித்தார்கள். முன்னால் வந்தவருக்கு மாற்று இடம். பின்னால் வந்தவர் ஆக்கிரமிப்பாளர், அப்புறப்படுத்த வேண்டியவர். ஆக, உன் அப்பா எந்த வருஷம் அந்தக் கொட்டகையைப் போட்டார் என்பதே உன் தலையெழுத்து. 2006இல் வனவாசிகள் உரிமைச் சட்டம் வந்ததே, அது உதவாதா என்று சிலர் கேட்கிறார்கள். பழங்குடி அல்லாத மற்றவர்கள் அந்தச் சட்டத்தில் உரிமை கேட்க வேண்டுமானால், 2005 டிசம்பர் 13க்கு முன்னால் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். 1930க்கு முன்னால் வந்த மேஸ்திரி ஆள் நம்மில் எத்தனை பேர்? எனவே அந்தக் கதவு நமக்குப் பெரும்பாலும் மூடியதுதான். அதைத் திறந்து தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அடுத்து ஜாதிச் சான்றிதழ். இதில்தான் நம் பிள்ளைகள் மோசம் போகிறார்கள். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் என்று சான்று பெற்ற குடும்பம் இங்கே வந்தால் என்ன ஆகிறது? இந்தத் தீவுகளுக்கு என்று பட்டியல் சாதி அறிவிப்பே கிடையாது. ஒரு சாதிகூட இல்லை. பழங்குடிப் பட்டியலில் ஆறு இனங்கள், எல்லாம் தீவின் பூர்வ குடிகள். அது நியாயம். இதர பிற்பட்டோர் பட்டியலில் பாண்டு, மாப்பிளா, கரேன், 1942க்கு முன் வந்த லோக்கல் பார்ன் வழியினர், கிழக்கு வங்காளத்திலிருந்து குடியமர்த்தப்பட்ட வங்காளிகள் என்று ஐந்து பிரிவுகள். தமிழர் இல்லை. தெலுங்கர் இல்லை. ராஞ்சி மக்களைப் பாருங்கள்: சொந்த ஊரில் பழங்குடி, இங்கே நூறு ஆண்டு மரம் வெட்டியும் பழங்குடி இல்லை!

கப்பலேறியதும் தீண்டாமை கடலில் விழுந்துவிட்டதா என்று நான் ஓர் அதிகாரியிடம் கேட்டேன். இங்கே ஜாதி யாரும் பார்ப்பதில்லை என்றார். ஓரளவு உண்மைதான். கலப்பு மணம் இங்கே சகஜம், ஒரே கிணறு, ஒரே பந்தி. அதை நான் பெருமையோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிலம் இல்லாமல், எழுத்து இல்லாமல் ஊரைவிட்டு ஓடிவந்தவன் எந்த ஜாதியாக இருந்தான்? அந்த ஏழ்மை கப்பலில் கூடவே வந்ததே! ஊரில் வெறுங்கையோடு இருந்தவன் இங்கேயும் வெறுங்கையோடுதான் இறங்கினான்.

சட்ட நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதியினர் பிழைப்புக்கு வேறு மாநிலம் போனால், போன இடத்தில் அந்தச் சலுகையைக் கேட்க முடியாது என்று 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் சொந்த மாநிலத்தில் உள்ள உரிமை அழிந்துவிடாது. மத்திய அரசின் அகில இந்தியத் தேர்வுகளிலும் அது செல்லும. தகப்பனாருக்குச் சொந்த ஊர் தாலுகாவில் கொடுத்த சான்றைக் காட்டினால், பிள்ளைக்கு இங்கேயே, இன்ன மாநிலத்திலிருந்து வந்தவர் என்று குறித்துச் சான்று தர மத்திய உள்துறையின் பழைய சுற்றறிக்கைகள் இடம் கொடுக்கின்றன. ஜன்னலில் இருப்பவருக்கு அது தெரியாமல் இருக்கலாம். உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊருக்குப் போகும்போது கோயில் திருவிழா முடிந்ததும் திரும்பிவிடாமல், தாலுகா ஆபீசுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். அப்பா உயிரோடு இருக்கும்போதே அவர் பெயரில் சான்று வாங்குங்கள்.

இனி டி.ஆர்.எம். மஸ்தூர்கள். இந்த மண்டபத்தில் கை தூக்கச் சொன்னால் பாதிக்குமேல் தூக்குவீர்கள். ஏ.பி.டபிள்யூ.டி.யில், மின்சாரத்தில், துறைமுகத்தில் இருபது வருஷம், இருபத்தைந்து வருஷம் தினக்கூலியாகவே வேலை செய்து தலை நரைத்தவர்கள். இவர்களுக்கு உயர்த்திய கூலியும் பஞ்சப்படியும் தரவேண்டும் என்ற உத்தரவை நிர்வாகம் நிறைவேற்றவில்லை என்று, கல்கத்தா உயர்நீதிமன்றத்தின் போர்ட் பிளேர் அமர்வு 2023 ஆகஸ்ட் 3ஆம் நாள் தலைமைச் செயலரையே இடைநீக்கம் செய்தது. துணைநிலை ஆளுநர் 5 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றும் சொன்னது. மறுநாளே உச்சநீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. அந்த ஒரு நாள் தீவு முழுக்க மஸ்தூர் வீடுகளில் பேசிய பேச்சு எனக்கு நினைவிருக்கிறது. நிறுத்திவைத்தார்களே என்று சோர்ந்தவர்கள் உண்டு. நான் சோரவில்லை. மஸ்தூர்கள் சந்தா போட்டு நடத்திய வழக்கு நாட்டின் உச்சநீதிமன்றம் வரை அதிகாரிகளை ஓட வைத்தது சாமானியம் அல்ல.

ஆஸ்பத்திரியைப் பற்றித் தாய்மார்கள் கேட்டிருந்தார்கள். தலைநகர் ஆஸ்பத்திரி என்று பெயர். கொஞ்சம் சிக்கலான பிரசவம், தலையில் அடி, நெஞ்சுவலி என்றால் போர்ட் பிளேர் ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். 2002இல் ஆஸ்டின் ஜலசந்தியில் செங்கப்பா பாலம் வந்து வடக்கு அந்தமானையும் நடு அந்தமானையும் இணைத்தது. ஹம்ப்ரி ஜலசந்தியிலும் இப்போது பாலம் இருக்கிறது. ஆனாலும் ஜாரவா காட்டுப் பகுதியைக் கடக்க கன்வாய் நேரம் பார்க்க வேண்டும், மிடில் ஸ்ட்ரெயிட்டில் படகு பார்க்க வேண்டும். மாவட்டம் பிறந்து இத்தனை ஆண்டு ஆகியும் ஆபத்தான நோயாளியை 240 கிலோமீட்டர் அனுப்புவதற்கு அந்தச் சாலையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. காட்டை இன்னும் அகலமாக வெட்டு என்று கேட்பவர்களோடு நான் சேரமாட்டேன். டாக்டரை இங்கே கொண்டுவா என்பதுதான் நம் கோரிக்கை. சர்ஜனும் மயக்க மருந்து டாக்டரும் இங்கேயே குடியிருந்தால் பாதிப் பேர் அந்தச் சாலையில் போக வேண்டியதே இல்லை.

இத்தனையையும் யாரிடம் கேட்பது? இங்கேதான் அந்த அமெரிக்க ஊர் நினைவுக்கு வருகிறது. இந்தத் தீவுகளுக்குச் சட்டமன்றம் கிடையாது. 1967 வரை பாராளுமன்ற உறுப்பினரைக்கூட நாம் தேர்ந்தெடுக்கவில்லை, நியமித்தார்கள். இப்போது எல்லாத் தீவுகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு எம்.பி. நகராட்சி போர்ட் பிளேரில் மட்டும். மாவட்டத் தலைநகரான மாயாபந்தரை ஆள்வது கிராம பஞ்சாயத்து. அதற்கு மேலே பஞ்சாயத்து சமிதி, ஜில்லா பரிஷத். நம் ஓட்டால் வருகிறவர்கள் அவர்கள்தான், ஆனால் அவர்கள் கையில் இருப்பது தெருவிளக்கும் ஓடையும் நடைபாதையும். சான்றிதழும் நிலமும் நாம் ஓட்டுப் போடாத மேஜையில் இருக்கின்றன. நகராட்சி வேண்டும், அதிகாரமுள்ள சபை வேண்டும் என்று மற்ற மக்களோடு சேர்ந்து கேட்போம். தமிழர் மட்டும் தனியாகக் கேட்டால் நூற்றுக்குப் பதினைந்துதான். ராஞ்சி, தெலுங்கு, மலையாள மக்களோடு சேர்ந்தால் கணக்கு வேறு. வங்காளிக்குக் கிடைத்ததைப் பறி என்று நாம் கேட்கவில்லை. அவர்களும் அகதியாய் வந்தவர்கள்தான். பட்டியலை நீட்டு என்கிறோம்.

அதுவரை கையில் உள்ள வேலையைச் செய்வோம். அடுத்த மாதம் முதல் ஞாயிறுதோறும் சங்க அறையில் காலை பத்து மணியிலிருந்து மூன்று பேர் உட்காருவார்கள். 1978க்கு முன் வந்த குடும்பங்கள் பழைய ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் நகல், பள்ளிச் சான்று, கப்பல் டிக்கெட், மேஸ்திரி கொடுத்த கூலிச் சீட்டு, எதுவாக இருந்தாலும் கொண்டுவாருங்கள். கரையான் தின்றது போக மீதி இருந்தாலும் போதும். நகல் எடுத்துக்கொண்டு அசலைக் கையோடு கொடுத்துவிடுவார்கள், யாரிடமும் அசலை விட்டுவிட்டுப் போகாதீர்கள். பின்னால் வந்தவர்களும் தயங்க வேண்டாம். வந்த வருஷத்தை உள்ளபடி சொல்லுங்கள், பொய்த் தேதி போட்டால் ஒருவருடைய பொய் பத்துப் பேருடைய உண்மையைக் கெடுத்துவிடும். டி.ஆர்.எம். தோழர்கள் முதல் நியமன உத்தரவைக் கொண்டுவரவும். தமிழ் மட்டும் தெரிந்த பெரியவர்களுக்கு இந்தியிலும் ஆங்கிலத்திலும் மனு எழுதித் தர நம் கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேர் முன்வந்திருக்கிறார்கள். ஒரு மனுவுக்கும் காசு கிடையாது, டீக் காசு மட்டும் நீங்கள் கொடுங்கள்.